அவசர சிகிச்சைப் பிரிவில் ஏன் இத்தனை நேரம்? காத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அவசர சிகிச்சைப் பிரிவின் வாசல் மேசையில், வருகிறவர்களை முதன்முதலாகப் பார்க்கும் செவிலியராக 11 ஆண்டுகள் வேலை செய்தேன். கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை அந்த மேசைக்கு முன்னால் நின்று, சிலர் கெஞ்சலாகவும் சிலர் கோபமாகவும் என்னிடம் கேட்டவை. அன்று பலருக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். பிறகு ஒரு நாள் இரவு, நெஞ்சு வலிக்கிறது என்ற என் அப்பாவை அழைத்துக்கொண்டு, நான் வேலை செய்யாத வேறொரு மருத்துவமனைக்குப் போய், மேசையின் அந்தப் பக்கம் ஏழு மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத்தான் இந்தக் கேள்விகளின் முழு எடை எனக்குத் தெரிந்தது. இந்தத் தொகுப்பு அதற்குப் பிறகு எழுதியது.

1. பெயரே ‘அவசர’ சிகிச்சைப் பிரிவு. அப்படியிருக்க, வந்தவரை மூன்று மணி நேரம் உட்கார வைப்பது என்ன நியாயம்?

அவசரம் என்ற சொல்லுக்கு வருகிறவர் கொள்ளும் பொருள் ஒன்றாகவும் அந்தப் பிரிவு கொள்ளும் பொருள் வேறாகவும் இருப்பதில்தான் பாதி மனக்கசப்பு தொடங்குகிறது. கை எலும்பு முறிந்து துடிப்பவருக்கு அதைவிட அவசரமான காரியம் உலகில் வேறு இல்லை. அந்தப் பிரிவோ, இன்னும் சில நிமிடங்களில் யாருடைய உயிரோ உறுப்போ கைவிட்டுப் போகக்கூடும் என்ற ஒரே கேள்வியை முன்னால் வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்க்கிறது. முறிந்த எலும்பை இரண்டு மணி நேரம் கழித்துக் கட்டினாலும் அது கூடிவிடும். அடைபட்ட மூச்சுக்குழாய் ஐந்து நிமிடம் பொறுக்காது.

இதைச் சொல்வதால் எல்லாக் காத்திருப்பும் சரி என்று ஆகிவிடாது. நியாயமான காரணத்தால் காத்திருப்பதும் உண்டு, மருத்துவமனை நடத்தப்படும் விதத்தில் உள்ள கோளாறால் காத்திருப்பதும் உண்டு, யாரும் வந்து இரண்டு வார்த்தை சொல்லாததால் மட்டுமே நீண்டுபோகும் காத்திருப்பும் உண்டு. முதலாவதைப் பொறுத்துக்கொள்ளலாம். மற்ற இரண்டையும் பொறுத்துக்கொள்ள வேண்டிய கடமை நோயாளிக்கு இல்லை. உங்களுடையது எந்த வகை என்று கண்டுபிடிக்கக் கீழே உள்ள பதில்கள் உதவும்.

2. எனக்குப் பின்னால் வந்தவரை எனக்கு முன்னால் உள்ளே கூட்டிப் போனார்கள். வரிசை என்று ஒன்று கிடையாதா? சிபாரிசா?

வரிசை உண்டு, ஆனால் அது வந்த நேரத்தின் வரிசையாக இருக்காது, ஆபத்தின் வரிசையாக இருக்கும். இதற்கு ‘டிரையாஜ்’ என்று பெயர். தரம் பிரிப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் ழான் லாரே, காயம்பட்டவரின் பதவியைப் பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்தே முதலில் யாரைத் தூக்குவது என்று முடிவு செய்தார். இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் முறைகளின் வேர் அதுதான். இப்போதைய முறைகள் பெரும்பாலும் வருகிறவர்களை ஐந்து நிலைகளாகப் பிரிக்கின்றன. எடுத்துக்காட்டாக, மான்செஸ்டர் முறையில் சிவப்பு நிறம் பெற்றவரை உடனடியாகவும், ஆரஞ்சு பெற்றவரை 10 நிமிடத்துக்குள்ளும், மஞ்சளை 60 நிமிடத்துக்குள்ளும், பச்சையை 120 நிமிடத்துக்குள்ளும், நீலத்தை 240 நிமிடத்துக்குள்ளும் மருத்துவர் பார்க்க வேண்டும் என்பது இலக்கு.

உங்களுக்குப் பின்னால் வந்தவர் நடந்தே வந்திருக்கலாம், ரத்தக் காயம் எதுவும் இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, பேச்சு குழறி அரை மணி நேரம்தான் ஆகிறது என்றால் அவருக்குப் பக்கவாதமாக இருக்கக்கூடும். மூளையின் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். சிபாரிசே எங்கும் நடப்பதில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நான் பார்த்த வரையில், முந்திக்கொண்டு போனவர்களில் பெரும்பாலோர் அந்த இடத்தை யாரும் ஆசைப்படக் கூடாத காரணத்துக்காகப் பெற்றவர்கள். அவருக்கு என்ன நோய் என்று ஊழியர்கள் உங்களிடம் சொல்லக் கூடாது. உங்களுக்கு எந்த நிலை கொடுத்திருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அதைச் சொல்வதில் யாருக்கும் தடை இல்லை.

3. வாசலில் பார்த்த செவிலியர் என்னிடம் நான்கு நிமிடம்கூடப் பேசவில்லை. அதற்குள் என் நோயைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்?

நோய் என்னவென்று தெரிந்திருக்காது. தெரிய வேண்டியதும் அந்த மேசையில் அது இல்லை. எவ்வளவு நேரம் உங்களை வெளியே விட்டுவைக்கலாம் என்பதைத்தான் அங்கே முடிவு செய்கிறார்கள். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், உடல் சூடு, விரல் நுனியில் மாட்டும் கிளிப் காட்டும் ஆக்சிஜன் அளவு, நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறீர்கள், கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறீர்களா ஆகியவை சேர்ந்து நிறையச் சொல்லிவிடும். நீங்கள் நாற்காலியிலிருந்து எழுந்து வந்த விதம், ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்லி முடித்தீர்களா என்பதைக்கூட அனுபவமுள்ள செவிலியர் கவனித்திருப்பார்.

ஒரு மாலை நேரத்தில் வயதான அம்மா ஒருவர், மடியில் கைப்பையை வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, “கொஞ்சம் அசதியா இருக்கும்மா, தாடை வலிக்குது, மத்தவங்களைப் பாருங்க, நான் இருக்கேன்” என்றார். நாடி பார்க்க அவர் மணிக்கட்டைத் தொட்டேன். அறையில் எல்லோருக்கும் வெக்கையாக இருந்தபோது அவர் கை மட்டும் ஈரமாகச் சில்லிட்டிருந்தது. சில நிமிடங்களில் எடுத்த ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு தெரிந்தது. மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது விதி. அவர் வாய் சொன்னதை மட்டும் கேட்டிருந்தால் அவர் பச்சையில் உட்கார்ந்திருப்பார்.

ஆனாலும் நான்கு நிமிடத்தில் தவறும் நேரும். தரம் பிரிப்பது ஒரு ஊகம். அதை மறுபடி மறுபடி சரிபார்த்தால்தான் அது நம்பத்தக்கதாக இருக்கும். அதனால்தான் 11ஆம் கேள்விக்கான பதிலை மற்ற எதைப் படிக்காவிட்டாலும் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

4. வலியைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் சீக்கிரம் பார்ப்பார்களாமே?

பத்துக்குப் பத்து என்று சொல்வதால் மட்டும் நிலை மாறுவது அரிது, ஏனென்றால் அந்த எண்ணை நாடித்துடிப்போடும் முகத்தோடும் சேர்த்துத்தான் எடைபோடுவார்கள். கூட்டிச் சொல்வதைவிடக் குறைத்துச் சொல்வதால் கெட்டுப்போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ‘பரவாயில்லை’, ‘சும்மா லேசாக’ என்ற சொற்களை அந்த மேசையில் பயன்படுத்தாதீர்கள்.

முடிவை மாற்றக்கூடிய செய்திகள் வேறு. எப்போது தொடங்கியது, திடீரென்று வந்ததா மெல்ல ஏறியதா, இதற்கு முன் இப்படி வந்ததுண்டா, இப்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பவற்றை முதல் மூச்சில் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்துக்கொள்கிறவர் தலையில் லேசாக இடித்துக்கொண்டாலும் அது லேசான காயம் ஆகாது. கர்ப்பம், சர்க்கரை நோய், அண்மையில் நடந்த அறுவை, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கு வந்த காய்ச்சல் ஆகியவையும் அப்படித்தான். யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டும். மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துப் போவது, பெயர்களை நினைவுபடுத்த முயல்வதைவிட நல்லது.

5. ஆம்புலன்ஸில் வந்தால் நேராக உள்ளே போய்விடலாம் என்கிறார்களே?

அந்த எண்ணத்தில் ஆம்புலன்ஸை அழைக்காதீர்கள். ஸ்ட்ரெச்சரில் வந்தவருக்கும் 2ஆம் பதிலில் சொன்ன அதே தரம் பிரிப்புதான். ஆபத்து இல்லையென்றால் அவரையும் காத்திருப்போர் நாற்காலியில்தான் உட்கார வைப்பார்கள்.

ஆனால் நெஞ்சு வலி, பக்கவாத அறிகுறி, மூச்சுத்திணறல், பெரிய விபத்து ஆகியவற்றுக்கு ஆம்புலன்ஸில் வருவதே சரி. வழியிலேயே சிகிச்சை தொடங்கும். தேவையான வசதியுள்ள மருத்துவமனைக்கு நேரே போகலாம். முன்கூட்டியே தகவல் போய்விடுவதால் மருத்துவர்களும் ஸ்கேன் அறையும் தயாராக இருப்பார்கள். நெஞ்சு வலியோடு தானே வண்டி ஓட்டி வந்து, வாகனம் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

6. ரத்தம் எடுத்துப் போய் மூன்று மணி நேரம் ஆகிறது. இப்போது மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டும் என்கிறார்கள். முதலில் எடுத்ததைத் தொலைத்துவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. நெஞ்சு வலிக்காக வந்தவருக்கு டிரோபோனின் என்ற புரதத்தின் அளவைப் பார்க்கிறார்கள். இதயத் தசை சேதமானால் அது ரத்தத்தில் கசியத் தொடங்கும். ஆனால் அளவு ஏறச் சிறிது நேரம் பிடிக்கும். எனவே வலி தொடங்கிய உடனே எடுத்த ரத்தம் சரியாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பி ஒருவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. பயன்படுத்தும் பரிசோதனை வகையைப் பொறுத்து ஒன்று, இரண்டு அல்லது மூன்று மணி நேர இடைவெளியில் மறுபடி எடுத்து, இரண்டுக்கும் நடுவே அளவு ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்த இடைவெளியைக் குறைக்கும்படி வற்புறுத்துவதால் உங்களுக்கே ஆபத்து.

என் அப்பாவுக்கும் இதுதான் நடந்தது. இரவு 9:20க்குப் போனோம்; எட்டு நிமிடத்தில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், 9:50க்கு முதல் ரத்தம். அடுத்தது 12:50க்குத்தான் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அது என் தொழில். பக்கத்து நாற்காலியில் அதே காரணத்துக்காகக் கணவரோடு உட்கார்ந்திருந்த பெண்ணுக்குத் தெரியாது. அவர் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து கதவு வரை போய், எட்டிப் பார்த்து, திரும்பி வந்து உட்கார்ந்தார். “அடுத்த ரத்தம் மூன்று மணி நேரம் கழித்து எடுத்தால்தான் முடிவு நம்பகமாக இருக்கும்” என்ற ஒரு வாக்கியத்தை யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் அந்த அலைச்சல் முழுவதும் இருந்திருக்காது. கடைசியில் நான் சொன்னேன். அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: “இதை அவங்களே சொல்லியிருக்கலாமே.”

7. தண்ணீர்கூடக் குடிக்க விடாமல் உட்கார வைத்திருக்கிறார்கள். இது கொடுமை இல்லையா?

மயக்க மருந்து கொடுக்க வேண்டிவந்தால், வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. திட்டமிட்ட அறுவைக்குத் திட உணவை 6 மணி நேரமும் தெளிந்த நீரை 2 மணி நேரமும் நிறுத்துவது வழக்கம். பக்கவாதமாக இருந்தால், விழுங்கும் திறனைச் சோதிக்கும் வரை ஒரு வாய் தண்ணீர்கூடப் புரையேறக்கூடும்.

ஆனால் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று தொடங்கிய தடையை நீக்க மறந்துவிடுவதும் நடக்கிறது. அறுவை இல்லை என்று முடிவான பின்னும் பட்டினி கிடந்தவர்கள் உண்டு. ஸ்கேன் முடிந்ததும், மருத்துவர் பார்த்ததும், “இப்போது சாப்பிடலாமா?” என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். சர்க்கரை நோயாளியாக இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

8. வலிக்கு ஊசி கேட்டால், “டாக்டர் பார்க்கும் முன் போட்டால் நோய் தெரியாமல் போய்விடும்” என்கிறார்கள். உண்மையா?

இது பழைய நம்பிக்கை. வயிற்று வலிக்கு முன்கூட்டியே வலிநிவாரணி கொடுப்பதால் நோயைக் கண்டறிவதில் தவறு கூடுவதில்லை என்று இதற்காகவே நடத்தப்பட்ட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வலி குறைந்தவர் வயிற்றைத் தளர்த்திப் படுப்பதால் தொட்டுப் பார்ப்பது எளிதாகவும் இருக்கும். பல மருத்துவமனைகளில் தரம் பிரிக்கும் மேசையிலேயே வலிக்கு மருந்து கொடுக்கச் செவிலியருக்கு அனுமதி உண்டு. “டாக்டர் வரும் வரை வலிக்கு ஏதாவது கொடுக்க வழி இருக்கிறதா?” என்று தயங்காமல் கேளுங்கள். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதால் உங்கள் சிகிச்சைக்கு எந்த நன்மையும் இல்லை.

9. உள்ளே எட்டிப் பார்த்தேன். கட்டில் காலியாகக் கிடக்கிறது, டாக்டர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்களைக் கூப்பிட்டால் என்ன?

காலியாக இருக்கும் கட்டில்களில் ஒன்றிரண்டு உயிர் காக்கும் பகுதியைச் சேர்ந்தவை. இதயம் நின்றுபோன ஒருவரை எந்த நிமிடமும் கொண்டுவரலாம் என்பதால் அவற்றை வேண்டுமென்றே காலியாக வைத்திருப்பார்கள். வேறு சில கட்டில்கள் இருந்தும், அங்கே படுப்பவரைக் கவனிக்கச் செவிலியர் இல்லாததால் பயன்படாமல் கிடக்கும். இது ஆள் பற்றாக்குறை, அதைக் குறை என்றே சொல்ல வேண்டும்.

கணினி முன்னால் இருப்பவர் ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டோ, மருந்து எழுதிக்கொண்டோ, உங்கள் ரத்த முடிவு வந்துவிட்டதா என்று தேடிக்கொண்டோ இருக்கலாம். பதிவு எழுதும் வேலை மருத்துவர் நேரத்தில் பெரும் பங்கைத் தின்றுவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தெரிவதை நான் குறை சொல்ல மாட்டேன். அப்பாவோடு இருந்த இரவில், உள்ளே நடப்பதெல்லாம் தெரிந்த எனக்கே அப்படித்தான் தெரிந்தது.

10. டாக்டர் பார்த்தாயிற்று, அட்மிட் என்றும் சொல்லியாயிற்று. அதன் பிறகும் எட்டு மணி நேரமாக நடைபாதையில் ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறார். சாதாரணச் சளிக்கெல்லாம் இங்கே வந்து கூட்டம் போடுகிறவர்களால்தானே இது?

இந்தத் தொகுப்பில் எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி இது, ஏனென்றால் பழி தவறான இடத்தில் போய் விழுகிறது. சளிக்காக வந்தவருக்கு ஒரு நாற்காலியும் பத்து நிமிடமும் போதும். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்து அவசரப் பிரிவுகளை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வு ஒன்றில், எட்டு மணி நேரத்தில் இப்படிப்பட்ட பத்துப் பேர் கூடுதலாக வந்தால் மற்ற நோயாளிகள் அங்கே இருக்கும் நேரம் சராசரியாக 5.4 நிமிடமே கூடுகிறது என்று தெரிந்தது. நடைபாதையில் மணிக்கணக்காகக் கிடப்பதை அது விளக்காது.

உண்மையான அடைப்பு வாசலில் இல்லை, மாடியில் உள்ள வார்டுகளில் இருக்கிறது. வார்டில் குணமான ஒருவர் காலையில் வீட்டுக்குப் போகத் தயாராகிவிடுகிறார். ஆனால் கடைசி கையெழுத்துக்கும், மருந்துக்கும், கணக்கு முடிப்பதற்கும், அழைத்துப் போக வருபவருக்கும் காத்திருந்து மாலையில்தான் கட்டில் காலியாகிறது. அதைச் சுத்தம் செய்து, தகவல் கீழே வரும் வரை, அந்தக் கட்டிலுக்கு உரியவர் அவசரப் பிரிவின் கட்டில் ஒன்றை அடைத்துக்கொண்டு கிடக்கிறார். அவர் நகராததால் வெளியில் இருப்பவர் உள்ளே வர முடியாது. ஆம்புலன்ஸில் இருப்பவரை இறக்க முடியாது. அவசரப் பிரிவின் கூட்டம் என்று நாம் பார்ப்பது பல நேரங்களில் முழு மருத்துவமனையின் நெரிசல்.

இதன் விலை சிறியதன்று. 2016 முதல் 2018 வரை இங்கிலாந்தின் அவசரப் பிரிவுகள் வழியாகச் சேர்க்கப்பட்ட 50 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், வார்டுக்கு மாற்றுவது 6 முதல் 8 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு 82 பேருக்கும் 30 நாளுக்குள் கூடுதலாக ஓர் உயிர் போகிறது என்று கணக்கிட்டார்கள். வந்தவரை நான்கு மணி நேரத்துக்குள் வார்டில் சேர்க்கவோ, வேறு மருத்துவமனைக்கு மாற்றவோ, வீட்டுக்கு அனுப்பவோ வேண்டும் என்ற இலக்கு அங்கே 2004 முதல் இருக்கிறது. 98 சதவீதம் பேருக்கு அதை எட்ட வேண்டும் என்று தொடங்கி, 2010இல் 95 ஆகக் குறைத்தார்கள். இலக்கு வைப்பதோடு வார்டுக் கட்டில்களும் ஆட்களும் சேர்ந்தால்தான் ஸ்ட்ரெச்சர் நகரும். உங்கள் உறவினர் நடைபாதையில் கிடந்தால், “வார்டில் கட்டில் எப்போது?” என்பதோடு நிறுத்தாமல், “அதுவரை இவருக்குப் பொறுப்பான மருத்துவர் யார், அடுத்த வேளை மருந்தை யார் கொடுப்பார்கள்?” என்றும் கேளுங்கள். இரண்டு பிரிவுகளுக்கு நடுவே கிடப்பவரின் வேளை மருந்துதான் முதலில் தவறிப்போகும்.

11. காத்திருக்கும்போதே நிலைமை மோசமாகிறது. சொன்னால், “உட்காருங்கள், கூப்பிடுவோம்” என்கிறார்கள். என்ன செய்வது?

‘எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறோம்’ என்று தொடங்காதீர்கள். அந்த வாக்கியத்தை அந்த மேசை ஒரு நாளில் நூறு முறை கேட்கிறது. அது காதில் புகாது. “வந்தபோது இருந்ததைவிட நிலைமை மாறியிருக்கிறது, மறுபடி பரிசோதியுங்கள்” என்று சொல்லி, என்ன மாறியது என்பதையும் சொல்லுங்கள்: அப்போது பேசினார், இப்போது அரைத் தூக்கமாக இருக்கிறார், அப்போது வலி மட்டும், இப்போது வியர்க்கிறது, உதடு நீலம் பூக்கிறது, குழந்தை பால் குடிக்க மறுக்கிறது, கை கால் மரத்துப்போகிறது. தரம் பிரிப்பது ஊகம் என்று 3ஆம் பதிலில் சொன்னேன். அதைத் திருத்தும் செய்தி பெரும்பாலும் அருகில் உட்கார்ந்திருப்பவரிடமிருந்துதான் வர முடியும்.

அதற்கும் அசையவில்லையென்றால், அந்த வேளைக்குப் பொறுப்பான தலைமைச் செவிலியரைக் கேளுங்கள். பிறகு பணியிலுள்ள மூத்த மருத்துவரைக் கேளுங்கள். இப்படி மேலே போவது அத்துமீறல் ஆகாது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 2013இல் வந்த ‘ரயன் விதி’யும், இங்கிலாந்தில் 2024 முதல் மருத்துவமனைகளில் நடைமுறைக்கு வந்த ‘மார்த்தா விதி’யும், பெற்றோர் திரும்பத் திரும்பச் சொல்லியும் கேட்கப்படாமல் இறந்துபோன பிள்ளைகளின் பெயரைத் தாங்கியவை. கவலை தீராத குடும்பத்தினர் வேறொரு மருத்துவக் குழுவை நேரடியாக அழைத்துப் பார்க்கச் சொல்லலாம் என்பது அவற்றின் சாரம். கண்ணெதிரே ஒருவர் நினைவிழந்தாலோ மூச்சு திணறினாலோ இந்தப் படிகள் எதுவும் வேண்டாம், உரக்கக் கூப்பிடுங்கள்.

12. “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று கேட்டாலே எரிந்து விழுகிறார்களே?

கேட்டவர் மேல் தவறில்லை. மேசையில் இருப்பவருக்கு உண்மையிலேயே பதில் தெரியாது, தெரியாது என்று சொல்லச் சலிப்பு, அந்தச் சலிப்பு எரிச்சலாக வெளிவருகிறது. நானும் அப்படி எரிந்து விழுந்திருக்கிறேன், அதற்காக வருந்துகிறேன்.

நேரத்தைக் கேட்பதற்குப் பதிலாக, “சிஸ்டர், நாங்கள் இப்போது எதற்காகக் காத்திருக்கிறோம்?” என்று கேட்டுப் பாருங்கள். இதற்குப் பதில் எப்போதும் இருக்கும்: ரத்த முடிவு, ஸ்கேன், எலும்பு மருத்துவர், வார்டுக் கட்டில். பதில் சொல்லத் தெரியாமல் அவர் விழித்தால், உங்கள் கோப்பு எங்கோ நின்றுபோயிருக்கிறது என்று பொருள். அதைத் தேடிப் பார்க்க அந்தக் கேள்வியே காரணமாகும்.

13. பொறுமை போய்விட்டது. எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா?

போக உங்களுக்கு உரிமை உண்டு. சொல்லாமல் மட்டும் போகாதீர்கள். மேசையில் சொன்னால், அதுவரை வந்த முடிவுகளை ஒருவர் பார்த்துவிட்டு, போகலாமா கூடாதா என்று சொல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆபத்தான முடிவு ஒன்று கணினியில் காத்திருந்து, அதற்கு உரியவர் கிளம்பிப் போய்விட்டதை நான் பார்த்திருக்கிறேன். கையில் ஏற்றிய ஊசிக் குழாயையும் அகற்றிவிட்டுத்தான் போக வேண்டும்.

மருத்துவ ஆலோசனையை மீறிப் போவதாகக் கையெழுத்து வாங்குவார்கள். என்ன ஆபத்து என்று உங்களுக்கு விளக்கியதற்கான பதிவு அது. கையெழுத்துப் போட்டதால் திரும்பி வரும் உரிமை போய்விடாது. ஒரு மணி நேரத்தில் வலி கூடினால் வெட்கப்படாமல் திரும்பி வாருங்கள்.

14. முன்பணம் கட்டினால்தான் தொடுவோம் என்று சொன்னால்?

உயிருக்கு ஆபத்தான நிலையில் அப்படிச் சொல்ல முடியாதபடி பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. இந்தியாவில், அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் உயிர் காக்கும் சிகிச்சையைத் தாமதமின்றி அளிப்பது கடமை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம், பணம் கட்டும் வசதியைப் பார்க்காமல் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்கிறது. இவை அவசர நிலைக்கானவை. பிறகான சிகிச்சைக் கட்டணம் வேறு கணக்கு.

15. ஆறு மணி நேரம் காக்க வைத்து, கடைசியில் “பயப்பட ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள்” என்கிறார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லவா இத்தனை பரிசோதனை?

‘என்ன நோய்?’ என்பதைவிட ‘ஆபத்தான நோய் எதுவும் இல்லையே?’ என்பதற்குத்தான் அந்தப் பிரிவு விடை தேடுகிறது. ஒன்றுமில்லை என்றால், மாரடைப்பு இல்லை, நுரையீரலில் ரத்தக்கட்டி இல்லை, உடனே கத்தி வைக்க வேண்டியது எதுவும் இல்லை என்று பொருள். உங்கள் வலி பொய் என்று பொருள் ஆகாது. இந்த வேறுபாட்டை விளக்காமல் அனுப்புவதால், உடம்பில் வலியும் மனதில் அவமானமுமாகப் பலர் வெளியே வருகிறார்கள்.

கிளம்பும் முன், எந்த அறிகுறி வந்தால் திரும்ப வர வேண்டும், இன்னும் வராத முடிவு ஏதாவது இருக்கிறதா, அது வந்தால் யார் சொல்வார்கள், அடுத்து எந்த மருத்துவரை எத்தனை நாளில் பார்ப்பது என்பவற்றைத் தாளில் எழுதி வாங்குங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு வாயால் சொன்னது எதுவும் காலையில் நினைவிருக்காது.

16. கத்தினால்தான் வேலை நடக்கிறது. என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிறகு ஏன் அமைதியாக இருக்க வேண்டும்?

நீங்கள் பார்த்தது உண்மை. கத்தியவரை முதலில் அனுப்பிவிடுவது சில நேரம் நடக்கிறது. நானும் அப்படி ஒருவரை முன்னால் விட்டிருக்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தை நான் எடுத்தது, மூலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரு இளைஞரிடமிருந்து. அவருக்குக் குடல்வால் வெடித்திருந்தது.

கத்துவதால் உங்கள் நோயாளிக்கும் கேடு வரலாம். இஸ்ரேலில் பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைக் குழுக்களை வைத்து நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தையின் தாயாக நடித்தவர் கடுமையாகப் பேசிய பிறகு அந்தக் குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சை செய்வதிலும் தடுமாறின. கோபப்பட உங்களுக்குக் காரணம் இருக்கலாம். அந்தக் கோபத்தை 11, 12ஆம் பதில்களில் உள்ள வாக்கியங்களாக மாற்றிப் பேசுங்கள். அவை குரலை உயர்த்தாமலே வேலை செய்யும். பேசத் தெம்பில்லாதவருக்காகப் பேச உடன் ஒருவர் இருப்பது மிக நல்லது.

17. புகார் எழுதினால் அடுத்த முறை பழிவாங்குவார்களோ? எழுதித்தான் என்ன ஆகப்போகிறது?

புகாரைப் படிப்பது வேறு அலுவலகம். அடுத்த முறை வாசல் மேசையில் இருப்பவர் அதைப் பார்த்திருக்க மாட்டார். எழுதும்போது ஆட்களைத் திட்டாமல் நேரங்களை எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வந்தோம், எத்தனை மணிக்கு எது நடந்தது, யாரிடம் என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது. உங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் எழுதுங்கள். விளக்கமா, மன்னிப்பா, நடைமுறையில் மாற்றமா என்பது தெரியாமல் போனால் பொதுவான ஒரு வருத்தக் கடிதம்தான் வரும். பாராட்ட வேண்டியவரைப் பாராட்டியும் எழுதுங்கள். அந்தக் காகிதத்தைப் பல ஆண்டுகள் வைத்திருப்பார்கள்.

அப்பாவின் இரண்டாவது ரத்தம் 12:50க்கு எடுக்கப்பட்டது என்றேன் அல்லவா? எல்லாம் சரியாக இருக்கிறது, போகலாம் என்று எங்களிடம் சொன்னது 4:40க்கு. அதற்குள் அப்பா மூன்று முறை என் கையைப் பிடித்து, வீட்டுச் சாவி எங்கே இருக்கிறது, வங்கிப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று சொல்லி முடித்திருந்தார். நான் நேரங்களை மட்டும் வரிசையாக எழுதி அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. முடிவு 1:45க்கே கணினியில் இருந்தது; இரவு மருத்துவர் வேலை முடிந்து அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது, யார் போய்ச் சொல்வது என்று யாருக்கும் ஒதுக்கப்படவில்லை என்று எழுதியிருந்தார்கள். இனி முடிவு வந்ததும் அது எந்தச் செவிலியரின் பெயரில் போக வேண்டும் என்பதை முன்பே பதிவு செய்யும்படி மாற்றியிருப்பதாகவும் அதில் இருந்தது. அந்தக் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, அன்று பக்கத்தில் இருந்த அந்தப் பெண்ணின் கணவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்.